யன்னலுக்கு எதிரே 1238 மீற்றர்

துரோம்சோவில் மலைக்குப் போவதற்கென்று ஒருவரும் லீவு எடுப்பதில்லை. நாலு மணிக்கு வேலை முடியும். ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி, காலில் ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு அடிவாரத்தில் நிற்பார்கள். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மீனும் உருளைக்கிழங்கும் அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். அடுத்த நாள் வேலையிடத்தில் நேற்று எங்கே போனாய் என்று ஒருவர் கேட்க, மற்றவர் ஒரு மலையின் பெயரைச் சொல்வார். அந்தக் குரலில் பெருமை எதுவும் இருக்காது.

வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை என்றால் பஸ் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு, ஆயுளில் ஒன்றிரண்டு தரம் போகிற இடம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்குப் போனபோதுதான் முதன்முதலாக மலையைக் கண்டேன். எங்கள் ஊரில் நிமிர்ந்து பார்க்க இருந்தவை கோபுரமும் பனையும்தான்.

1980களின் நடுவில் என்னைப்போல் நிறையப் பொடியன்கள் நோர்வேக்கு வந்தது, பரீட்சையோ புள்ளிகளோ இல்லாத ஒருவகை விடுதிப் பள்ளிகளின் வழியாக. வீட்டில் காணியை ஈடு வைத்துக் கட்டணம் கட்டினார்கள். போய்ச் சேர்ந்த பள்ளியில் முதல் கிழமையே என் கையில் தந்தது புத்தகம் அல்ல, ஒரு சோடி ஸ்கீ. நோர்வேக்காரர் காலில் ஸ்கீயோடு பிறக்கிறார்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் காலில் பாட்டாச் செருப்போடு வந்தவர்கள். விழுந்தோம், எழும்பினோம், ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தோம். ஊரில் நடப்பவற்றை ஒருவரும் கதைக்காத சில மணித்தியாலங்கள் அவை. பிறகு ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. அங்கிருந்து துரோம்சோ. இங்கேதான் கலியாணம், பிள்ளை, வீட்டுக்கடன் எல்லாம்.

துரோம்சோ ஒரு தீவு. வடதுருவ வட்டத்துக்கு மேலே, அகலக்கோடு ஏறக்குறைய 70இல் இருக்கிறது. கிழக்கே பாலத்தைக் கடந்தால் 1965இல் கட்டிய முக்கோண வடிவத் தேவாலயம். அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் முடிவில் துரோம்ஸ்டால்ஸ்டின்டன், 1238 மீற்றர். எங்கள் குசினி யன்னலுக்கு நேரெதிரே நிற்கிறது. ஊரார் சுருக்கமாக டின்டன் என்பார்கள். மேற்கே க்வாலோயா தீவின் மலைகள். கிழக்கே இன்னும் தூரத்தில், குடாவுக்கு அப்பால் லிங்கென் மலைத்தொடர். நவம்பர் கடைசியில் மறையும் சூரியனை ஜனவரி நடுப்பகுதி வரையில் காணமுடியாது. ஜனவரி 21ஆம் திகதியைச் சூரிய நாள் என்று கொண்டாடி, எண்ணெயில் பொரித்த இனிப்புப் பணிஸ் வாங்கித் தின்பார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான ஸ்கீ காலம். பெப்ரவரி தொடங்கி மே மாதம் மட்டும் பனி கிடக்கும். 1997 ஏப்ரல் கடைசியில் ஊருக்குள்ளேயே 240 சென்ரிமீற்றர் பனி அளந்தார்கள். அது இன்றைக்கும் இந்த ஊரின் சாதனை. அந்தக் கிழமை முழுக்கச் சவலும் கையுமாக நின்றது என் தோள்மூட்டுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என்னை மலைக்குக் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுக்காரி. ஓய்வுபெற்ற தாதி. அப்போதே அறுபது தாண்டிவிட்டது. சமதரையில் ஸ்கீ ஓட எனக்கு ஓரளவு வந்திருந்தது. ஆனால் மலையில் ஏறுவது எப்படி? மரப்பலகை கீழ்நோக்கி வழுக்கத்தானே செய்யும்? அவர் பையிலிருந்து ஸ்கீயின் நீளத்துக்கு வெட்டிய இரண்டு துணிப்பட்டிகளை எடுத்தார். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் ஒரே திசையில் படிந்த குட்டை மயிர். தடவிப் பார் என்றார். பூனையின் முதுகுதான்: தலையிலிருந்து வாலுக்கு வழவழப்பு, வாலிலிருந்து தலைக்கு முரட்டுத்தனம். அதை ஸ்கீயின் அடியில் ஒட்டினால் முன்னே தள்ளும்போது வழுக்கும். பின்னே இழுபடாமல் பனியைப் பற்றிக்கொள்ளும். முன்பு கடல்நாய்த் தோலில் செய்தார்கள். இப்போது ஆட்டு மயிரும் நைலோனும். சப்பாத்தின் குதியை விடுவித்துவிட்டால் பலகையைத் தூக்காமலே இழுத்திழுத்து நடக்கலாம். உச்சியில் பட்டியை உரித்துப் பைக்குள் வைத்து, குதியைப் பூட்டிவிட்டு இறங்கவேண்டியதுதான். இரண்டு மணித்தியாலம் ஏறினால் இருபது நிமிடம் இறக்கம்.

செங்குத்தான இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஏறவேண்டும். வளைவில் திரும்புவது ஒரு வித்தை. மேலே உள்ள காலைத் தூக்கி, முழுப் பலகையையும் எதிர்த் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கணத்தில் இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும். பிறகு மற்றக் காலின் குதியால் ஒரு உதை. பலகையின் முன்முனை துள்ளி எழும்ப, அதையும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். நான் அந்த நடுநிலையில் நின்று முருகனைக் கூப்பிட்ட நாட்கள் உண்டு. தாதி அம்மா கீழே நின்று அவசரப்படாதே என்று மட்டும் சொல்வார்.

அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பனை ஏறுறவன் பிழைப்புக்கு ஏறுறான். நீ என்னத்துக்கு மோனை ஏறுறாய்?"

என்னிடம் மறுமொழி இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கூடவே ஏறியது. எங்கள் வளவில் கள்ளுச் சீவியவர் காலில் தளைநாரைப் போட்டு, நெஞ்சு மரத்தில் உராய, காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குவார். விழுந்தால் பிடிக்கக் கயிறு கிடையாது. அப்படி ஏறியவர்களை ஊர் எந்தப் படியில் வைத்திருந்தது என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே மருத்துவரும் நீதிபதியும் ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை மீற்றர் ஏறினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்த மனிதர் ஆயுள் முழுக்க ஏறிய மீற்றரை எவரும் எண்ணவில்லை. ஏறுவது ஒரு மதிப்பான செயல் என்று பழகிக்கொள்ள எனக்கு ஒரு பனிக்காலம் போதவில்லை.

மலை எல்லோருக்கும் பொது என்பது இங்கே சட்டம். 1957இல் எழுத்தில் வந்தது. வேலி அடைக்காத வெளியில் எவரும் நடக்கலாம், ஸ்கீ ஓடலாம், கூடாரம் அடிக்கலாம். நுழைவுச்சீட்டு இல்லை. எந்த நாட்டுக்காரன், விசா என்ன மாதிரி என்று கேட்க வாசலில் ஆள் இல்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இருந்த காலத்தில், கடதாசி காட்டாமல் நான் உள்ளே போகக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

ஆனால் டின்டன் வெறும் விளையாட்டு மைதானம் அல்ல. இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி மக்களுக்கு அது சாலஷொய்வி, புனித மலை. துரோம்சோ குளிர்கால ஒலிம்பிக்கைக் கேட்கத் திட்டமிட்டபோது அந்த மலையில் போட்டிப் பாதை அமைக்கும் யோசனை வந்தது. சாமி மக்கள் எதிர்த்தார்கள். ஊரில் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒலிம்பிக்கே இங்கு வரவில்லை. மலையில் தெய்வம் இருக்கிறது என்பதை இங்குள்ள சிலர் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்த குடும்பம் எங்களுடையது.

இந்த மலைகளில் ஏறியவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு வகை தூரத்திலிருந்து வந்தவர்கள். எலிசபெத் மெயின் என்ற பெண்மணி, பிற்காலத்தில் திருமதி ஓப்ரி லு புளோண்ட் என்று அறியப்பட்டவர், 1898இலும் 1899இலும் கோடையில் லிங்கெனுக்கு வந்தார். சுவிற்சர்லாந்து வழிகாட்டி யோசெஃப் இம்போடனோடு, அதுவரை எவரும் ஏறாத பல உச்சிகளில் ஏறினார். 1907இல் பெண்களுக்கான அல்பைன் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. மற்ற வகை இங்கேயே இருந்தவர்கள். பீட்டர் வெஸ்ஸல் சப்ஃபே 1899இல் இதே துரோம்சோவில் பிறந்தார். சட்டம் படித்தவர், மெய்யியலாளர். மனிதனுக்கு வாய்த்த அறிவு அவன் தாங்கக்கூடியதிலும் அதிகம், அதுவே அவன் துன்பம் என்று எழுதிய கடும் அவநம்பிக்கைக்காரர். அதே மனிதர் சுற்றுவட்டார மலைகளில் ஓயாமல் ஏறி, அவற்றைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். வாழ்க்கையில் அர்த்தம் இல்லை என்றவருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஏற மலை இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது.

தூரத்திலிருந்து வருபவருக்கு ஒரு கிழமைதான் இருக்கும். விமானச் சீட்டு, படகு, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் காசு கட்டியாயிற்று. வானிலை சரியில்லை என்று சும்மா இருக்க மனம் கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்கு முழுப் பனிக்காலமும் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் வியாழக்கிழமை. ஆகவே பக்கத்தில் இருப்பவர்தான் பத்திரமானவர் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை.

2012 மார்ச் 19ஆம் திகதி, கோஃபியோர்டில் சொர்ப்மெகைசா என்ற மலையில் பெரிய பனிச்சரிவு ஒன்று ஐந்து பேரைக் கொன்றது. எல்லோரும் வெளிநாட்டிலிருந்து ஸ்கீ ஓட வந்தவர்கள். 2013 ஜனவரியில் நோர்வேயின் நீர்வளத் துறை பனிக்காலம் முழுவதற்கும் ஒழுங்கான பனிச்சரிவு எச்சரிக்கையைத் தொடங்கியது. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுவார்கள். ஐந்தைக் கண்டால் எவரும் போகமாட்டார்கள். ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது இரண்டிலும் மூன்றிலும்தான். அந்த எண்களில் போகலாம் போலவும் இருக்கும், போகக்கூடாது போலவும் இருக்கும்.

பனி ஒரே நாளில் விழுந்து கிடப்பதல்ல. ஒவ்வொரு பெய்ச்சலும் ஒரு அடுக்கு. எங்கள் பக்கத்தில் வெப்பக் கடல்நீரோட்டத்தால் நடுப் பனிக்காலத்திலும் மழை பெய்யும். மழை உறைந்து ஓடாகும். அதை ஒட்டினாற்போல் கடும் குளிரில் பனி ஈரப்பிடிப்பு இல்லாத பருக்கைகளாக மாறும். கையில் எடுத்தால் உருண்டை பிடிக்க வராது, உதிரும். சீனிப்பனி என்றே அதற்குப் பெயர். அதற்கு மேலே காற்று கொண்டுவந்து குவித்த கனத்த பலகைப்பனி. சரிவு 30 பாகைக்கு மேலே இருந்தால், ஓர் ஆளின் பாரம் அந்தச் சீனியை நொறுக்கப் போதும். முழுப் பலகையும் கழன்று வரும். 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் நின்றாலும், மேலே செங்குத்து இருந்தால் அது நம்மிடம் வந்துசேரும்.

மகள் பதினெட்டு வயதில் பனிச்சரிவுப் பயிற்சி எடுத்தாள். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு மலை என்று வளர்ந்தவள். அதற்குப் பிறகு அவள்தான் எங்கள் வீட்டில் தலைவர். புறப்படுமுன் வாசலில் வரிசையாக நிறுத்தி, உடம்பில் கட்டிய தேடுகருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பாள். சவல், மடக்குத் தடி இரண்டும் பையில் இருக்கவேண்டும். புதைந்த ஆளைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அரை மணித்தியாலம் போனால் அது மிகக் குறைவு. ஹெலிகொப்டர் பத்து நிமிடத்தில் வராது. கூட வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு மார்ச் ஞாயிற்றுக்கிழமை. எச்சரிக்கை எண் மூன்று. க்வாலோயாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் மலை. அதன் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். கடைசி ஏற்றத்துக்குக் கீழே, சாய்வு குறைந்த இடத்தில் மகள் நின்றாள். சவலை எடுத்து இடுப்பளவு குழி தோண்டினாள். குழியின் சுவரில் 90 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழம் அளந்து, பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுத்து ஒரு தனித் தூணாகப் பிரித்தாள். தூணின் ஒரு ஓரத்தில் சவல் தகட்டை வைத்தாள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து பத்து. கடைசியில் தோளிலிருந்து பத்து. இதுதான் முறை. முதல் பத்தில் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாவது தட்டில், அரையடிக்குக் கீழே ஒரு கோடு விழுந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பில் ஓடியது. மேல்துண்டு முழுசாக வழுக்கி அவள் மடியில் விழுந்தது. உடைந்த முகத்தை விரலால் சுரண்டிக் காட்டினாள். சீனி.

"அப்பா, காணும். திரும்புவம்."

எங்களுக்கு மேலே மூன்று பேர் அதே சரிவில் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட பாதை வடிவாகத் தெரிந்தது. நாங்கள் பட்டியை உரித்து, ஏறிய வழியாலேயே இறங்கினோம். வாகனத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த மூன்று பேரும் சிரித்தபடி வந்து சேர்ந்தார்கள். அருமையான பனி என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. திரும்பி வந்தவனுக்குச் சாட்சி கிடையாது. சரிவு விழுந்திருந்தால் மகள் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லியிருக்கும். விழவில்லை, ஆகவே பயந்தவர்கள் ஆனோம். மேலே போனவர்களுக்கோ மலை நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பியது. ஆனால் அந்தச் சான்றிதழில் எழுதியிருப்பது இன்று விழவில்லை என்பது மட்டும். அதை அவர்கள் எங்களுக்குத் தெரியும் என்று வாசிப்பார்கள். அடுத்த முறையும் அதே சரிவில் போவார்கள்.

பக்கத்து மலையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் இயன் மக்கமன் என்பவர் நூற்றுக்கணக்கான பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, ஆட்களை ஏமாற்றும் பொறிகள் இவை என்று ஒரு பட்டியல் போட்டார். பழகிய இடம் என்ற எண்ணம் அதில் முதலாவது. தெரியாத மலையில் கவனமாக இருப்பவர், தெரிந்த மலையில் கண்ணை மூடிக்கொண்டு போகிறார். எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும் என்றேனே, அன்று கல் எல்லாம் இரண்டு மீற்றர் பனிக்குக் கீழே கிடந்தது. நான் நின்றது முதல்நாள் இரவு காற்று கட்டிய ஒரு புதிய மலையில்.

1967 ஈஸ்ரர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்த பிறகு செஞ்சிலுவையும் மலையேற்றச் சங்கமும் சேர்ந்து மலைநடத்தை விதிகளைப் பரப்பின. ஒன்பது விதிகள். க்விக் லுன்ஷ் என்ற சொக்லேட்டின் உறைக்கு உட்புறத்தில் அவற்றை அச்சடிக்கிறார்கள். ஈஸ்ரர் காலத்தில் தோடம்பழமும் அந்தச் சொக்லேட்டும் இல்லாமல் ஒரு நோர்வேக்காரரும் மலைக்குப் போகமாட்டார். நேரத்தோடு திரும்பு, அதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடம். ஆனால் வெட்கம் இல்லை என்று விதி போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வெட்கம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

கோடையில் கதை வேறு. மே 20 அளவில் தொடங்கி ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறையாது. இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு க்வாலோயாவில் கருங்கல் பாறை ஏறலாம். 1044 மீற்றர் உயரமான ஸ்டூர ப்லோமன் அங்கேதான் இருக்கிறது. அதன் வடக்குச் சுவர் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். நாங்கள் ஏறுவது அதைவிடச் சின்னப் பாறைகள். மகள் முன்னே ஏறுவாள். வெடிப்புகளில் உலோகக் கட்டைகளைச் செருகி, கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு போவாள். கீழே நின்று கயிறு விடுவது என் வேலை. கையைக் கயிற்றிலிருந்து ஒரு கணமும் எடுக்கக்கூடாது. இடக்கை கொடுக்கும், வலக்கை பிடிக்கும். மேலேயிருந்து குரல் வரும்: "அப்பா, விடுங்கோ!" இன்னும் கொஞ்சம் போனதும், "இறுக்குங்கோ!" தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்காத ஏவல் வினைகள். அவளின் உயிர் என் வலக்கையில் இருக்கிறது என்பதைவிட, அவள் அதை யோசிக்காமலே அடுத்த பிடிக்குக் கை நீட்டுகிறாள் என்பதுதான் எனக்கு மேலானதாகத் தோன்றும்.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒரு ஈஸ்ரருக்கு வந்து நின்றான். யன்னலுக்கு எதிரே டின்டனைக் கண்டதும் பிடித்துக்கொண்டது. சமதரையில் இரண்டு நாள் பழக்கி, மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு போனோம். பாதி வழியில் மேகம் இறங்கி, வெள்ளைக்குள் வெள்ளையாக எதுவும் தெரியாமல் போயிற்று. மகள் நின்றாள்.

"மச்சான், நான் ஒரு கிழமைதான் நிப்பன். இவ்வளவு தூரம் வந்திட்டு உச்சியைப் பாக்காமல் போறதோ?" என்றான் என்னிடம்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. விருந்தாளி. மகள்தான் சொன்னாள்.

"மாமா, அடுத்த வருசமும் வாங்கோ. மலை நிக்கும், நீங்களும் நிக்கவேணும்."

அவனுக்குக் கொஞ்சம் மனக்குறைதான். ஆனாலும் அடுத்த வருடம் சொன்னபடி வந்தான். அந்தக் கிழமை முழுக்க மழை. நாலு சுவருக்குள் இருந்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, கடதாசி விளையாடினோம். அவன் இன்னும் உச்சிக்குப் போகவில்லை. எங்களோடு மலைக்கு வர அவனைவிடத் தகுதியான ஆள் வேறு எவரும் இல்லை என்பது மகளின் கணிப்பு. திரும்பு என்றால் திரும்புவான்.